மார்ஸ்டன் (யார்க்ஷயர்): மில் வேலை பார்த்த அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

சிங்காநல்லூரான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். லீட்ஸில் இருக்கிறேன், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 69. கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

அவருக்கு எதைக் காட்டுவது என்றே தெரியவில்லை. லண்டன் போனோம். பிக் பென்னைப் பார்த்துவிட்டு, "மணி சரியாத்தான் காட்டுது" என்றார். யார்க்கில் அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் எல்லோரும் அண்ணாந்து கண்ணாடி ஜன்னலைப் பார்க்க, இவர் குனிந்து கதவுக் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேக் டிஸ்ட்ரிக்ட் போகலாமா என்றால் ஊட்டியே பார்த்தாச்சு என்கிறார்.

போன வாரம் மான்செஸ்டருக்கு ரயிலில் போனோம். ஹடர்ஸ்ஃபீல்டு தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போனது. பக்கத்திலேயே ஒரு கால்வாய் கூட வருகிறது. கறுத்துப்போன கல் கட்டடங்கள், ஒரு சிம்னி, அதற்குப் பின்னால் மரமே இல்லாத பழுப்பு மலை. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "இது மில்லு சாமி. மில்லு ஊரு" என்றார். அதற்குள் ரயில் டனலுக்குள் நுழைந்துவிட்டது. மேப்பில் பார்த்தால் ஊர் பெயர் மார்ஸ்டன்.

இன்னொரு விஷயம். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மில்லில் இருந்த பழைய ஃப்ரேம்களில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்' என்று இரும்பில் வார்த்தே இருக்குமாம். அந்த ஓல்டாம் டனலுக்கு அந்தப் பக்கம்தான் என்று சொன்னதிலிருந்து தினமும் கேட்கிறார்.

என் கேள்வி: மார்ஸ்டன் ஒரு நாளுக்குத் தாங்குமா? அவருக்கு இடது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. சமதரையில் 4 கிலோமீட்டர் நடப்பார், செங்குத்து கஷ்டம். கார் கிடையாது. யாராவது போயிருக்கிறீர்களா?

குளிர்க்காரன்:

போயிருக்கிறேன், நவம்பரில். வேண்டாம் என்பேன். நாலைந்து கடை, மழை, மலை மேலே போனால் கணுக்கால் வரை கறுப்புச் சேறு. டனல் வாயைப் பார்த்தேன், இருட்டாக இருந்தது, திரும்பிவிட்டேன். கால்வாயும் பழைய மில்லும்தான் வேண்டுமென்றால் ஹெப்டன் பிரிட்ஜ் போங்கள். அங்கே ராச்டேல் கால்வாய் ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது, உட்கார நல்ல காபிக் கடைகள் இருக்கின்றன. பெரியவருக்கு அதுதான் வசதி.

ராத்திரி ஷிப்ட்:

குளிர்க்காரன் சொல்வதில் மழை மட்டும் உண்மை. மீதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹடர்ஸ்ஃபீல்டில் நர்ஸாக இருக்கிறேன், 11 வருஷம். தொடர்ந்து மூன்று ராத்திரி ட்யூட்டி முடிந்த மறுநாள் தூக்கமும் வராது, வீட்டிலும் இருக்க முடியாது. அந்த நாட்களில் நான் ஏறும் ரயில் மார்ஸ்டன் ரயில்தான். எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. ஹெப்டன் பிரிட்ஜ் அழகான ஊர்தான். ஆனால் அது இப்போது மெழுகுவர்த்தி விற்கிற ஊர். உங்கள் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி வேண்டாம், மில் வேண்டும்.

முதலில் ரயில். எல்லா ரயிலும் மார்ஸ்டனில் நிற்காது. நிற்கிற வண்டியா என்று பார்த்து ஏறுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் டனல்தான். இந்தப் பாதையில் வேலை நடப்பதால் சனி ஞாயிறுகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது உண்டு. வார நாளில் போவது நல்லது.

ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கால்வாய் காலடியிலேயே இருக்கிறது, லாக்கும் அங்கேயே. லாக் என்றால் தண்ணீர்ப் படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் மரக் கதவு, நடுவில் ஒரு படகு நிற்கும் அளவுக்குக் கல் தொட்டி. தண்ணீரை விட்டோ வடித்தோ படகை ஒரு படி ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து இங்கே வர 42 படி, மலைக்கு அந்தப் பக்கம் ஆஷ்டனுக்கு இறங்க 32 படி. 20 மைல் கால்வாய்க்கு 74 லாக். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது 42ஆவது. படகு ஏதாவது வந்தால் அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். அரை மணி நேரம் போகும், போகட்டும்.

அங்கிருந்து கால்வாய்க் கரையோடு மேற்கே நடந்தால் 15 நிமிஷத்தில் டனல் எண்ட். தரை சமம், முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. அங்கேதான் ஸ்டான்எட்ஜ் டனல். எழுத்து அப்படித்தான், ஊர்க்காரர்கள் வாயில் 'ஸ்டானிட்ஜ்'. நான் முதல் நாள் எழுத்துப்படி சொல்லி ஒரு பாட்டியிடம் திருத்தம் வாங்கினேன்.

பிரிட்டனிலேயே நீளமான கால்வாய்ச் சுரங்கம் இது, 5 கிலோமீட்டருக்கு மேல். ஆழத்திலும் உயரத்திலும் இதுதான் முதல்: ஓரிடத்தில் தலைக்கு மேல் 194 மீட்டர் மலை, ஆனாலும் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய அதே அளவு மேலே ஓடுகிறது. 1794ல் தோண்ட ஆரம்பித்து 1811ல்தான் திறந்தார்கள். வெடிமருந்தும் கடப்பாரையும்தான். பல இடத்தில் ஒரே நேரத்தில் தோண்டியதில் துண்டுகள் சரியாக நேர்கோட்டில் வரவில்லை. கடைசியில் அந்தக் காலத்துப் பெரிய இன்ஜினியர் தாமஸ் டெல்ஃபோர்டைக் கூப்பிட்டு வழி கேட்க வேண்டியதாயிற்று.

செலவைக் குறைக்க உள்ளே கரைப்பாதை வைக்கவில்லை. அப்போ படகை இழுக்கும் குதிரை எங்கே நடக்கும்? நடக்காது. டனல் வாயில் குதிரையை அவிழ்த்து மலை மேலே ஓட்டிக்கொண்டு போவார்கள். கீழே ஆட்கள் படகின் மேல் மல்லாந்து படுத்துக் காலால் சுவரை உதைத்து உதைத்துப் படகைத் தள்ளுவார்கள். காலிப் படகு என்றால் 1 மணி 20 நிமிஷம், சரக்கோடு 3 மணி நேரம். அதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தார்கள், 'லெக்கர்' என்று பெயர். நான் நின்று பார்க்கிற வேலை செய்கிறவள், ராத்திரி 12 மணி நேரம் நின்றால் என் காலுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருட்டில் மூன்று மணி நேரம் சுவரை மிதித்தவன் அடுத்த முனையில் எழுந்து எப்படி நின்றான் என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

சீசனில் அரை மணி நேரப் படகுச் சவாரி உண்டு, கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பும். அப்பாவை அதில் ஏற்றுங்கள். கொஞ்ச தூரம் செங்கல் கட்டியிருக்கும், அப்புறம் வெறும் பாறை, அப்புறம் மறுபடி செங்கல். தலையில் சொட்டும். பக்கத்திலேயே ரயில் டனல்களும் இருக்கின்றன: 1849, 1871, 1894 என்று மூன்று. கால்வாயைக் காலி செய்தது அந்த ரயில்தான். ரயில் டனல் தோண்டிய கல்லும் மண்ணும் வெளியே போனது இந்தக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக, படகில்! தன்னைக் கொல்லப் போகிறவனுக்கு மண் சுமந்திருக்கிறது. 1944ல் கால்வாயை மூடினார்கள். 2001ல் மறுபடி முழுசாகத் திறந்தார்கள்.

ஆனால் படகோடு திரும்பி வந்துவிடாதீர்கள். குளிர்க்காரன் செய்த தப்பு அதுதான், வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மேலே வந்தால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். டனல் எண்டிலிருந்து வாட்டர்ஸ் ரோடு என்று ஒரு சாலை ஓடையோடு போகிறது. ஏற்றம் லேசு. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஈஸ்டர்கேட் என்ற இடத்தில் பொதிக்குதிரைகள் போன பழைய கல் பாலம், ஒரு குதிரை அகலம்தான். அங்கேயே வீடுகள் முடிந்து மூர், அதாவது மரமில்லாத மேட்டுப் புல்வெளி, ஆரம்பிக்கிறது. திரும்பிப் பார்த்தால் ஊர், கால்வாய், மில் எல்லாம் ஒரு உள்ளங்கையில். முன்னால் பார்த்தால் ஒன்றுமில்லை, பழுப்புப் புல்லும் காற்றும். டனல் வாயில் அவிழ்த்த படகுக் குதிரைகளும் இந்த மலை மேலேதான் போயிருக்கும். அப்பாவின் முழங்காலுக்கு அந்தப் பாலமே எல்லை, அதற்கு மேல் வேண்டாம்.

ஊருக்குள் இறங்கினால் சர்ச்சுக்கு எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில் ஈனக் டெய்லர் என்ற கொல்லரின் சமாதி இருக்கிறது. இதைக் கட்டாயம் காட்டுங்கள். கம்பளித் துணி நெய்த பிறகு மேலே எழும்பும் மயிரைப் பெரிய கத்தரியால் சீராக வெட்டுவது ஒரு தனி வேலை. கத்தரி மட்டும் 18, 20 கிலோ இருக்கும். நல்ல கூலி. ஈனக்கும் அவர் சகோதரர் ஜேம்ஸும் அந்த வேலையைச் செய்யும் மெஷினைச் செய்து விற்றார்கள். வேலை போன கத்தரிக்காரர்கள் 1812ல் ராத்திரியில் போய் மெஷினை உடைத்தார்கள். உடைத்த சம்மட்டியும் இதே டெய்லர் பட்டறையில் செய்தது! சம்மட்டிக்கே 'ஈனக்' என்று பெயர் வைத்து, "ஈனக் செய்தான், ஈனக்கே உடைப்பான்" என்பார்களாம். லடைட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவர்கள்தான். அந்த வருஷம் ஏப்ரலில் இங்கே மில் வைத்திருந்த வில்லியம் ஹார்ஸ்ஃபாலைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக ஜார்ஜ் மெல்லர் உட்பட மூன்று பேரை 1813 ஜனவரியில் யார்க்கில் தூக்கில் போட்டார்கள்.

நீங்கள் ரயிலிலிருந்து எந்தச் சிம்னியைப் பார்த்தீர்களோ தெரியாது, ஆனால் ஊரின் பெரிய மில் பேங்க் பாட்டம் மில். ஒரு காலத்தில் 1,900 பேர் வேலை பார்த்தது. 2003ல் மூடினார்கள். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அதைத் தாண்டினால் பட்டர்லி நீர்த்தேக்கம், அதற்குப் பின்னால் வெஸ்ஸன்டன் பள்ளத்தாக்கு.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவேன், காற்றில் ஆறினாலும் கெடாது. ஃப்ளாஸ்கில் டீ. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் இறங்கும் தெரு நல்ல செங்குத்து. திரும்பும்போது அதை ஏற வேண்டும், 20 நிமிஷம் முன்னாடியே கிளம்புங்கள்.

பஞ்சுப்புல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. மூர் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை, அங்கே பாசி நட வாரக் கடைசியில் போகிறவன் என்ற முறையில்.

குளிர்க்காரன் சேறு என்று திட்டியது பீட். செத்த பாசியும் புல்லும் தண்ணீரில் அழுகாமல் ஆயிரக்கணக்கான வருஷம் படிந்து படிந்து வந்த கறுப்பு மண். காய்ந்தால் தீப்பிடிக்கும், பிடித்தால் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் சமயம் 700 ஹெக்டேர் எரிந்தது. யாரோ தூக்கிப் போட்ட அலுமினியத் தட்டு பார்பெக்யூதான் காரணம் என்று இந்த மூரைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் சொன்னது. இப்போது மூரில் பார்பெக்யூ, பட்டாசு, வானத்தில் விடும் விளக்கு எல்லாவற்றுக்கும் தடை. நம் ஆட்கள் கூட்டமாகக் கோழி வாட்டப் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மழையைத் திட்டாதீர்கள். மூரில் வடிந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, மென்மையான தண்ணீர். கம்பளி அலச அதுதான் வேண்டும். மில் இங்கே வந்ததே அதற்காக. உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதும் அந்த மழைதான்.

ஏப்ரல் கடைசியில் போனால் குக்கூ திருவிழா. இங்கத்துக் குக்கூ நம் குயிலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இதுவும் அடுத்தவர் கூட்டில் முட்டை வைக்கிற ஜாதிதான். குக்கூ வந்தால் வசந்தம் வரும், அது போகாமல் இருந்தால் வசந்தமும் போகாது என்று ஊர்க்காரர்கள் அதைச் சுற்றிச் சுவர் கட்டினார்களாம். பறவை பறந்துவிட்டது. "சுவர் ஒரு கல் வரிசை குறைஞ்சு போச்சு" என்றார்களாம். இந்தக் கதையை அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிங்காநல்லூரான் (12 நாள் கழித்து):

போய் வந்தாச்சு. எழுதத் தாமதம், மன்னிக்கவும்.

ராத்திரி ஷிப்ட் அக்கா வார நாள் என்று சொன்னதைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயிலுக்குப் பதில் பஸ். எந்த வாசலில் நிற்கும் என்று கேட்டால் சீருடை போட்ட இரண்டு பேர் இரண்டு திசையைக் காட்டினார்கள். முதல் பஸ் எங்கள் கண் முன்னாலேயே போனது. அப்பா, "உக்கடத்துல ஏறாத பஸ்ஸா" என்று சிரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். எனக்குத்தான் கோபம்.

11 மணிக்கு லாக் பக்கம் போனோம். நல்ல நேரம், ஒரு பச்சைப் படகு வந்தது. வயதான தம்பதி, கணவர் படகில், மனைவி கரையில் இரும்புக் கைப்பிடியோடு. லாக் கதவில் தண்ணீர் திறக்க ஒரு பல்சட்டமும் சின்னப் பல்சக்கரமும் இருக்கிறது. அந்த அம்மா சுற்றச் சுற்ற 'டக் டக் டக்' என்று ஒரு நாக்கு பல்லில் விழும், கை விட்டாலும் சறுக்காது. அப்பா கிட்டே போய்க் குனிந்தார். விரலால் பல்லைத் தொட்டு மூக்கில் வைத்தார். "கிரீஸ் காஞ்சிருக்குது, சொல்லு அவங்ககிட்ட" என்றார். சொன்னேன். அந்த அம்மா கடகடவென்று சிரித்து, நீங்களே சுற்றுங்கள் என்று கைப்பிடியை நீட்டிவிட்டார். அப்பா சுற்றினார். அப்புறம் கதவில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார், முழங்கால் பற்றிய பேச்சே இல்லை. லண்டனில் எடுத்த 200 போட்டோவில் ஒன்றில்கூட அவர் சிரிக்கவில்லை. இதில் சிரிக்கிறார்.

படகுச் சவாரியும் போனோம். தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி. உள்ளே பாறையில் உளித் தழும்பைப் பார்த்ததும் அப்பா கையை நீட்டினார், வழிகாட்டி கையை உள்ளே வைக்கச் சொன்னார். லெக்கர் கதையை நான் தமிழில் சொன்னேன். "எத்தனை ஷிப்ட்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில்தான் எதிர்பாராதது. ஈனக் டெய்லர் கதையை அக்கா எழுதியபடியே படித்துக் காட்டினேன். அப்பா சமாதியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மெஷினும் அவனே, சம்மட்டியும் அவனே. நல்ல வியாபாரிதான்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எலுமிச்சைச் சாதத்தை எடுத்து வைத்தபோது சொன்னார். அவர் மில்லுக்கு, நூலைத் தானாகவே கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் வந்தபோது பொருத்தியது இவர்தானாம். 9 நாள் ராப்பகலாக வேலை. பத்தாவது நாள் மெஷின் ஓடியது, மேனேஜர் லட்டு கொடுத்தார். கோன் வைண்டிங்கில் அறுந்த நூலுக்குக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் 22 பேர். ஆறு மாசத்தில் அவர்களிடம் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தர் எங்கள் தெரு. "அந்தம்மா ரொம்ப வருஷம் என்னைப் பார்த்தா தலையைத் திருப்பிக்கும். சம்மட்டி எல்லாம் தூக்கலை. தலையைத்தான் திருப்பிச்சு" என்றார். 33 வருஷமாக அவர் பிள்ளை நான், இதைக் கேட்டதே இல்லை.

ஈஸ்டர்கேட் பாலம் வரை நடந்துவிட்டார். மெதுவாகத்தான். மழை பெய்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கு பைக்காரா கரண்டு வந்தப்புறந்தான் மில்லு. இவங்களுக்கு இந்த வாய்க்கால் அளவு தண்ணி போதும்னு ஆயிருக்குது" என்றார். மூரில் ஏதோ ஒரு பறவை நீளமாக ஏறி ஏறிக் கூவியது. பஞ்சுப்புல், அது குக்கூ இல்லை, வளைந்த நீள மூக்கு. என்ன பறவை?

குளிர்க்காரன் அண்ணா, சேறு உண்மைதான். என் ஷூ போச்சு.

இப்போது அடுத்த பிரச்சினை. பேங்க் பாட்டம் மில்லை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததில் அவருக்கு மனசு ஆறவில்லை. உடைந்த ஜன்னல் வழியே உள்ளே ஷாஃப்ட் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். ஓல்டாமில் பிளாட் பிரதர்ஸ் ஃபேக்டரிக்குக் கூட்டிப் போ என்கிறார். அது 1980களிலேயே மூடியாச்சு என்று நான் இன்னும் சொல்லவில்லை. 19ஆம் தேதி மான்செஸ்டரிலிருந்து ஃப்ளைட்.

பஞ்சுப்புல்:

கர்லூ. தரையில்தான் கூடு கட்டும். பாதையை விட்டு இறங்காமல் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ராத்திரி ஷிப்ட்:

ஓல்டாம் வேண்டாம், சும்மா மனசு கஷ்டம். குவாரி பேங்க் மில்லுக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டைல் என்ற ஊர், மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே. 1784ல் சாமுவேல் கிரெக் கட்டியது, கம்பளி இல்லை, பருத்தி. பெரிய தண்ணீர்ச் சக்கரம் இருக்கிறது. முக்கியமாக, மெஷினை ஓட்டிக் காட்டுகிறார்கள். என்றைக்கு ஓடும் என்று முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள். 18ஆம் தேதி பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நேராக அங்கே போங்கள்.

சத்தம் அதிகமாக இருக்கும். அப்பாவுக்குப் பரவாயில்லை, நீங்கள் காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் மெஷின் கிட்டே போய்விடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரீஸ் பார்க்கிற ஆள்.